முதல் 2 நிமிடம்: மாணவர் த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியைத் திட்டமிடுவது எப்படி

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களின் குறும்படங்களை எடிட் டேபிளில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. த்ரில்லர் என்று சொல்லித்தான் தருவார்கள். அலாரம் அடிக்கும். ஒரு கை நீண்டு அதை அணைக்கும். நாயகன் பல் துலக்குவான், கண்ணாடியில் முகம் பார்ப்பான், பைக்கைக் கிளப்புவான். டிரோன் ஷாட் ஒன்று வரும், கூடவே பெயர்கள் வரும். 2 நிமிடம் முடிந்திருக்கும், ஆனால் எனக்குள் ஒரு கேள்விகூட எழுந்திருக்காது.

அந்தப் பிள்ளைகளிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ராத்திரி முழுக்கக் கண்விழித்து எடுத்திருப்பார்கள். காகிதத்தில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் கேமராவைத் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் காகித வேலையை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு செல்போன், நான்கைந்து நண்பர்கள், ஒரே இடம், ஒரு ராத்திரி. இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவோம்.

ஒரே ஒரு கேள்வி

த்ரில்லரின் தொடக்கத்துக்கு ஒரு வேலைதான் உண்டு. பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியை நட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நகர்ந்துவிட வேண்டும். பாத்திர அறிமுகம், ஊர், காலம் எல்லாம் அந்தக் கேள்வியின் முதுகில் ஏறி வந்தால் போதும்.

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைப் பாருங்கள். பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசனின் பாத்திரம் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறது. சுட்டது யார் என்ற கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டே மொத்தப் படமும் ஓடுகிறது. அவர் யார், எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிய வருகிறது.

உங்கள் கேள்வியை ஒரே வரியில், கேள்விக்குறியோடு எழுதுங்கள். ‘ஒரு பெண்ணுக்கு ஆபத்து’ என்பது கேள்வி ஆகாது. இந்தக் கட்டுரை முழுக்க நான் பயன்படுத்தப்போகும் உதாரணக் கதையின் கேள்வி இது: ‘நாளைக்குச் சாகப்போகிறவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை, அவர் கடைக்கே வந்து ஒருவன் ஏன் காப்பி எடுக்கிறான்?’

கதை இதுதான். ராத்திரி 9 மணி. கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே 20 வயதுப் பெண் கல்லாவை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடிக் கால்கள் வந்து நிற்கின்றன. ஒரு கை, தாள் ஒன்றைக் கவிழ்த்தபடியே நீட்டுகிறது. “50 காப்பிம்மா. இப்பவே வேணும்.” அவள் திருப்பிப் பார்க்காமல் அப்படியே மெஷினில் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, சில்லறை எண்ணப் போய்விடுகிறாள். வெளியே வந்து விழும் தாளில் கடைக்காரரான அவள் அப்பாவின் படம். மறைவு தேதி நாளைக்கு.

ஒரே இடம், மூன்று நடிகர்கள், அதில் ஒருவரின் முகமே தெரிய வேண்டாம். மாணவர் படத்துக்கு இப்படிப்பட்ட கதைதான் கைகொடுக்கும். ஐந்து லொகேஷன், கார் துரத்தல், துப்பாக்கி என்று எழுதினால் நீங்கள் எடுக்கப்போவது அதன் நிழலாகத்தான் இருக்கும்.

யாருக்கு எப்போது தெரிய வேண்டும்

திட்டமிடுவதில் அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும்.

த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் ஒரு விஷயத்தை விளக்கினார். மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது. பார்ப்பவருக்கு அது தெரியாமல் திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் முதலிலேயே தெரிந்துவிட்டால், மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசும் வெட்டிப் பேச்சுகூட 15 நிமிடம் நம்மைப் பதைபதைக்க வைக்கும். ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தின் முதல் ஷாட் இதற்குக் கண்கண்ட சாட்சி. ஒரு காரின் டிக்கியில் குண்டை வைப்பதைக் காட்டிவிட்டு, வெட்டே இல்லாமல் 3 நிமிடத்துக்கும் மேல் கேமரா அந்தக் காரோடும் தெருவோடும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

நம் ஜெராக்ஸ் கடையில் இதைப் பொருத்திப் பார்ப்போம். அந்தப் பெண் தாளைப் பார்க்கும்போதுதான் நாமும் பார்க்கிறோம் என்று எடுத்தால், ஒரு திடுக்கிடல் கிடைக்கும், அதோடு சரி. அதற்குப் பதில், அவள் கல்லாவில் குனிந்திருக்கும்போது தாள் வெளியே வருவதை நாம் மட்டும் பார்க்கிறோம். அப்போது அந்த முகம் யாரென்று நமக்குத் தெரியாது. அடுத்த நிமிடம் உள்ளறையிலிருந்து அதே முகம் நடந்து வருகிறது. “யாரு பாப்பா இந்நேரத்துல?” என்று கேட்டபடி மெஷின் மூடிமேல் கை வைத்து நிற்கிறார். அவர் கைக்குக் கீழே அவருடைய அஞ்சலி போஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. இனி அப்பாவும் மகளும் வீட்டுக்குத் தோசை மாவு வாங்குவதைப் பற்றிப் பேசினாலும் நமக்கு வயிறு கலங்கும்.

ஆகவே காகிதத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: பார்வையாளர், மகள், அப்பா. ஒவ்வொரு 10 விநாடிக்கும் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். பார்வையாளர் பத்தி மற்ற இருவரைவிட எந்த இடத்தில் முந்துகிறதோ அங்கேதான் உங்கள் காட்சி சூடு பிடிக்கும். மூன்றும் கடைசிவரை ஒரே வேகத்தில் நகர்ந்தால் கதையைத் திருப்பி எழுதுங்கள்.

ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதுங்கள்

எழுதியதைச் சத்தமாகப் படித்து, நடந்து பார்த்து, நேரம் குறியுங்கள். மனதுக்குள் ஓட்டினால் எல்லாமே சீக்கிரம் முடிந்துவிடும். ஷட்டருக்குக் கீழே குனிந்து தாளை வாங்கி மெஷின்வரை நடப்பதற்கு நிஜத்தில் 7 விநாடி ஆகும்.

இந்தக் கதையில் மெஷினே தாளம் போட்டுத் தருகிறது. நிமிடத்துக்கு 20 பிரதி எடுக்கும் மெஷின் என்றால் தாளுக்கு 3 விநாடி. பழைய வகை மெஷினில் ஒவ்வொரு தாளுக்கும் வெளிச்சம் ஒரு முறை ஓடும், தாள் விழும், மறுபடி வெளிச்சம். டிஜிட்டல் மெஷினில் வெளிச்சம் முதல் தடவை மட்டுமே ஓடும், மிச்சத்தை நாமே விளக்கு வைத்துக் காட்டிக்கொள்ளலாம். எடிட்டில் ஷாட் மாறுவதும் அந்தத் தாளத்தோடு போனால் காட்சி தானாக இறுகும். அந்தத் தாளம் நிற்கும் இடம் இன்னும் பெரிய பரிசு. 1 நிமிடம் 50ஆவது விநாடியில் மெஷினில் பேப்பர் சிக்குகிறது. சத்தம் நிற்கிறது. சிக்கிய தாளை இழுக்க மகள் குனிகிறாள். திரை கருப்பு. அவள் பார்த்தாளா இல்லையா என்பதை 2 நிமிடத்துக்கு அப்பால் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கதையிலும் இப்படித் தாளம் தரும் ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். மாவு மில், தையல் மிஷின், சொட்டும் குழாய், லெவல் கிராசிங் மணி. தேடினால் கிடைக்கும்.

இடம் பார்க்கப் போகும்போது

ஷூட்டிங் எந்த நேரமோ அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். பகல் 11 மணிக்குக் கடையைப் பார்த்துவிட்டு ராத்திரி 9 மணிக்கு எடுக்கப் போனால், எதிரே பரோட்டாக் கடைக்காரர் கல்லில் கொத்திக்கொண்டிருப்பார். வசனம் எதுவும் தேறாது.

முதலில் 2 நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். மின்விசிறி, குளிர்பானப் பெட்டி, பஸ், நாய் என்று காதில் விழுவதையெல்லாம் எழுதுங்கள். குளிர்பானப் பெட்டியை டேக் நேரத்தில் அணைக்கக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அணைத்தவுடன் உங்கள் பைக் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பெட்டியைத் திரும்பப் போடவும் ஞாபகம் வரும். கடைக்காரரின் ஐஸ்கிரீம் கரைந்தால் அடுத்த பேட்ச் மாணவர்களுக்கு அங்கே இடம் கிடைக்காது.

அப்புறம் டியூப் லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்பும் சில மலிவான எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். விநாடிக்கு 25 ஃபிரேம், கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று பூட்டிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 1/100உம் சரி. செல்போனில் எடுத்தால் ஷட்டரை நாமே வைக்கவிடும் கேமரா ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோவில் விட்டால் நடிகர் நகரும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும்.

கதைக்கென்றே பார்க்க வேண்டியதும் உண்டு. சில மெஷின்களில் பிரதி நிமிர்ந்து விழும், சிலவற்றில் கவிழ்ந்து விழும். நம் கதைக்கு நிமிர்ந்து விழ வேண்டும். மெஷின் கவிழ்த்துத் தள்ளினால் காட்சியே இல்லை. இதை ஷூட்டிங் அன்றைக்குக் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். ரெக்கியில், அதாவது இடம் பார்க்கப் போகும்போதே, ஒரு ரூபாயோ இரண்டோ கொடுத்து ஒரு காப்பி எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கடைக்காரரிடம் வாய்மொழிச் சம்மதத்தோடு நிற்காமல், துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கொடுங்கள். தெருவில் கேமரா வைப்பதென்றால் அந்தப் பகுதி காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கத்தி, பொம்மைத் துப்பாக்கி வரும் கதைகளுக்கு இது கட்டாயம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

ஷாட் டிவிஷன்

படம் வரையத் தெரியாது என்ற கவலை வேண்டாம். குச்சி மனிதர்கள் போதும். அதைவிட நல்லது, நண்பர்களை நிறுத்தி அந்தக் கடையிலேயே செல்போனில் படம் எடுத்து ஒட்டுவது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு நேரம், என்ன சத்தம், இந்த ஷாட் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன சொல்கிறது. மூன்றாவதில் எழுத எதுவும் இல்லையென்றால் அந்த ஷாட்டை அடித்துவிடுங்கள்.

நம் காட்சியின் முதல் 30 விநாடி இப்படி இருக்கும். கருப்புத் திரையில் ஷட்டர் இழுபடும் சத்தம், 3 விநாடி. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து வைட்: இருட்டு, நடுவில் பாதி இறங்கிய ஷட்டருக்குள் வெள்ளை வெளிச்சம், 7 விநாடி. க்ளோஸ்: நாணயங்களை அடுக்கும் விரல்கள், 4 விநாடி. சுவரில் தினசரி காலண்டர், தேதி 14, அதை மறைத்தபடி பெண்ணின் தலை கடந்து போகிறது, 3 விநாடி. உள்ளிருந்து பார்த்தால் ஷட்டருக்குக் கீழே வந்து நிற்கும் கால்கள், 5 விநாடி. பெண் மிட் ஷாட்டில் நிமிர்ந்து, “கடை மூடியாச்சு சார்.” நீளும் கை, கவிழ்ந்த தாள்.

காலண்டர் ஷாட்டைக் கவனியுங்கள். 14 என்பதை யாரும் அப்போது பொருட்படுத்த மாட்டார்கள். பின்னால் போஸ்டரில் 15 வரும்போதுதான் அது வேலை செய்யும். வெறும் காலண்டரை மட்டும் காட்டினால் ‘இதைக் கவனி’ என்று விரல் நீட்டுவதுபோல் ஆகிவிடும். அதனால்தான் குறுக்கே அவள் தலை.

போஸ்டரையும் ஒரேயடியாகக் காட்டக் கூடாது. முதல் தாளில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்து மட்டும். இரண்டு தாள் கழித்து முகம். அப்பா வந்து நின்ற பிறகுதான் தேதி. இந்த வரிசை மாறினால் கேள்வி கரைந்துவிடும்.

அப்பாவும் மகளும் பேசும் இடத்தில் லைன் கிராஸ் ஆகாமல் பாருங்கள். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். கடையை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு படம் வரைந்து கேமரா இடங்களுக்கு எண் போட்டுவிட்டால் குழப்பமே வராது. 2 நிமிடத்துக்கு 25 முதல் 30 ஷாட் தாராளம். சஜஷன் ஷாட்டில் அப்பாவின் தோள் வழியே மகளைக் காட்டும்போது ஓரத்தில் தாள் விழும் தட்டும் தெரியட்டும். அந்தப் பதற்றம் ஃபிரேமுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சத்தம்தான் பாதிப் படம்

மாணவர் படங்களில் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். மங்கலான படத்தை மன்னிப்பார்கள், காது பொறுக்காது.

நடிப்பெல்லாம் முடிந்தபின், எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் வெறும் சத்தத்தை 1 நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டில் வசனங்களுக்கு இடையே ஓட்டை விழும் இடத்திலெல்லாம் இதுதான் ஒட்டு. பிறகு மைக்கை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூடி திறப்பது, பட்டன் பீப், உருளை சுழல்வது, தாள் உரசி விழுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுங்கள். கேமரா மைக்கை நம்பாதீர்கள். இரண்டாவது செல்போனில் காலர் மைக்கைச் செருகிச் சட்டைக்குள் மறைத்தால் வசனம் சுத்தமாகக் கிடைக்கும். அந்தப் போனை ஃபிளைட் மோடில் போட மறக்காதீர்கள்.

பின்னணி இசையை முதல் வெர்ஷனில் போடவே வேண்டாம். மெஷின் சத்தம் மட்டும் வைத்துப் பாருங்கள். பயம் வரவில்லை என்றால் வயலினைச் சேர்த்தாலும் வராது, ஷாட் வரிசையில்தான் கோளாறு. சினிமாப் பாட்டையோ வேறொரு படத்தின் ஆர்.ஆரையோ (பின்னணி இசையையோ) எடுத்துப் போட்டால் யூடியூபில் ஏற்றும்போது உரிமைச் சிக்கல் வரும். திரைவிழாக்களும் உரிமைக் கடிதம் கேட்கும்.

வெளிச்சம்

மெஷினின் நிஜ வெளிச்சம் முகத்தில் விழும் அளவுக்கு வராது. எல்.இ.டி. குச்சி விளக்கு ஒன்றை ட்ரேசிங் பேப்பரில் சுற்றி, மெஷினுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இடமிருந்து வலமாக 3 விநாடிக்கு ஒருமுறை நகர்த்தினால் போதும். அப்பாவின் முகத்தில் அந்த வெளிச்சம் ஏறி இறங்கும்போது கிடைக்கும் உணர்வு எந்த ஃபில்டரிலும் கிடைக்காது. மேலே இருக்கும் இரண்டு டியூப்பில் ஒன்றை அணைத்துவிடுங்கள்.

போஸ்டர், காலண்டர் போன்ற பொருட்கள்

போஸ்டரை 60 பிரதி அச்சடித்து எடுத்துப் போங்கள். எண்ணிக்கை எழுதிவையுங்கள். நடிப்பவரின் படத்தைப் போடுவதற்கு அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். நம் வீடுகளில் இதை அபசகுனமாக நினைப்பவர்கள் உண்டு, அந்த மனக்கஷ்டத்தை மதிக்க வேண்டும். செல்போன் எண், ஊர்ப் பெயர், கட்சிக்கொடி எதுவும் வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. படிக்கிற காலத்தில் நாங்கள் ஒரு படத்துக்காக இதே மாதிரி போஸ்டரைச் சுவரில் ஒட்டி எடுத்தோம். விடியற்காலை அவசரமாகக் கிளம்பியதில் ஒன்றைக் கிழிக்காமல் விட்டுவிட்டோம். நடித்தவரின் சித்தி காலையில் பால் வாங்க வந்தவர் அதைப் பார்த்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பிரதிகளை எண்ணி எடுத்துப் போய், எண்ணித் திரும்பக் கொண்டுவந்து, கிழித்துப் போடும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள்.

காலண்டரிலும் ஒரு வேலை இருக்கிறது. அது 14 காட்ட வேண்டும். கடைக்காரர் பழக்கதோஷத்தில் தாளைக் கிழித்துவிடக்கூடும், அதனால் உங்கள் சொந்தக் காலண்டரைக் கொண்டுபோய் மாட்டுங்கள். ஒவ்வொரு டேக் முடிந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் தட்டில் எத்தனை தாள், கல்லாவில் எத்தனை அடுக்கு என்று கன்டின்யுட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருட்கள் மாறாமல் இருக்கிறதா என்று) பார்க்கலாம்.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள்

ஷாட் டிவிஷனுக்காக வரைந்த அல்லது எடுத்த ஸ்டோரிபோர்டு படங்களை எடிட்டிங் ஆப்பில் வரிசையாகப் போட்டு, எழுதிய நேரத்துக்கு நீட்டி, வசனத்தை நீங்களே பேசிச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். 2 நிமிடம் என்று நினைத்தது 3 நிமிடம் 10 விநாடி வரும். காசு செலவாகாமல் வெட்டக் கிடைக்கும் கடைசிச் சந்தர்ப்பம் இதுதான்.

அப்புறம் நேரக் கணக்கு. 28 ஷாட், ஷாட்டுக்கு 15 நிமிடம் என்றால் 7 மணி நேரம். 9 மணிக்கு ஆரம்பித்தால் விடியற்காலை 4 மணி, சாப்பாட்டு இடைவேளை தனி. கதை வரிசையில் எடுக்காதீர்கள். கேமரா ஒரு திசையில் நிற்கும்போது அந்தத் திசை ஷாட்டுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த திசைக்குப் போங்கள். அப்பாவாக நடிப்பவர் பெரியவர், அவருடைய கால்ஷீட்டை 1 மணிக்குள் முடித்து அனுப்புங்கள். மெஷின் க்ளோஸ்களைக் கடைசியில் வைத்தால் நடிகர்களே தேவையில்லை. குழுவில் யார் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பெயர்கள்

8 பெயருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் 2 விநாடியாவது நிற்கட்டும். இந்தக் கதையில் மெஷின் வெளிச்சம் ஒருமுறை ஓடி முடியும்போது ஒரு பெயர் தோன்றினால் அழகாகப் பொருந்தும். அப்பாவின் முகம் தெரியும் ஷாட்டிலும் தேதி ஷாட்டிலும் எழுத்தே வரக் கூடாது. கண் எழுத்தைப் படிக்கப் போய் முக்கியமானதைத் தவறவிடும். படத்தின் தலைப்பு கடைசிக் கருப்பில் வரட்டும். தமிழில் பெயர் போடும்போது சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். எல்லாப் பெயரையும் முதலிலேயே அடித்துச் சோதித்துவிடுங்கள்.

யாரிடம் காட்டுவது

முதல் எடிட் முடிந்ததும், கதையே தெரியாத மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பேட்ச் நண்பர்கள் வேண்டாம், அவர்கள் உங்களைப் பாராட்டத்தான் வருவார்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள். ‘அடுத்து என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘அந்தப் பொண்ணு பார்த்துட்டாளா?’, ‘அந்த ஆள் யாரு?’ என்று வந்தால் சரி, எடிட்டைப் பூட்டலாம். ‘போஸ்டர்ல இருந்தது யாரு?’ என்று ஒருவர் கேட்டாலும் முகம் வரும் தாள் ஷாட்டை ஒரு விநாடி நீட்டுங்கள். ‘அவர் ஏற்கெனவே செத்துட்டாரா?’ என்று கேட்டால் காலண்டர் பதியவில்லை என்று அர்த்தம், அந்த ஷாட்டை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். அதற்காகத்தான் காலண்டர் உங்கள் சொந்தமாக இருக்க வேண்டும் என்றேன்.